அந்தப் பணம் யார் கையில் நிற்கிறது?

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் நடந்த ரெய்டு பற்றிய செய்தியைப் படித்துவிட்டு ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ‘ஒரு ராத்திரியில் என் மாசச் சம்பளத்தில் பாதியைச் சம்பாதிக்கிற பெண்ணை எப்படிப் பாதிக்கப்பட்டவர் என்கிறீர்கள்? ஆணிடம் இல்லாத ஒரு சொத்து பெண்ணிடம் இருக்கிறது. அதற்கு விலையும் இருக்கிறது. அப்படியென்றால் அது அவளுக்கு அதிகாரம்தானே? சட்டம் ஏன் குறுக்கே வருகிறது?’ கேள்வியில் கொஞ்சம் கோபம் இருந்தாலும் நேர்மையான கேள்விதான். உள்ளே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சட்டம் உண்மையில் எதைத் தடுக்கிறது என்பது ஒன்று. விலை இருந்தால் அதிகாரம் இருக்கிறது என்று அர்த்தமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரிரண்டு இடம் தவிர உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு, நாகர்கோவில் நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகள் நடத்தியும், இலவச சட்ட உதவி வக்கீலாக இருந்தும் நான் பார்த்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். வழக்கில் மாட்டியவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். மாட்டாமல் காலம் தள்ளுகிறவர்களுக்கு வக்கீல் தேவைப்படுவதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சட்டம். 1956-இல் வந்த சட்டம் 1986-இல் திருத்தப்பட்டு, ஒழுக்கக்கேடான வியாபாரத் தடுப்புச் சட்டம் என்ற இன்றைய பெயரில் நிற்கிறது. வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில், தனியாக, நாலு சுவருக்குள் பணம் வாங்கிக்கொண்டு உறவு வைத்துக்கொள்வதை இந்தச் சட்டம் நேரடியாகக் குற்றம் என்று சொல்லவில்லை. விடுதி நடத்துவது, அவள் வருமானத்தில் இன்னொருவர் வாழ்வது, ஆள் சேர்ப்பது, அடைத்து வைப்பது, பொது இடத்தில் ஆளைக் கூப்பிடுவது, இவைதான் குற்றம். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? உள்ளே போய்ப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். இரண்டு பெண்கள் பாதுகாப்புக்காகச் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, அங்கே இருவரும் இந்தத் தொழிலைச் செய்தால் அந்த வீடு சட்டப்படி விபச்சார விடுதி ஆகிவிடும். அவள் வருமானத்தில் தெரிந்தே வாழும் பதினெட்டு வயது தாண்டிய யாராக இருந்தாலும் 4-ஆம் பிரிவில் குற்றவாளி. எழுத்துப்படி பார்த்தால், அவள் படிக்க வைக்கும் கல்லூரி மகனும் வீட்டில் படுத்திருக்கும் வயதான அம்மாவும்கூட அதில் வருவார்கள். அப்புறம் 7-ஆம் பிரிவு. கோயில், சர்ச், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, ஆஸ்பத்திரி இவற்றிலிருந்து இருநூறு மீட்டருக்குள் நடந்தால் பெண்ணுக்கும் தண்டனை, கூட இருந்தவருக்கும் தண்டனை, மூன்று மாதம் வரை. கன்னியாகுமரி ஊருக்குள் பகவதி அம்மன் கோயிலில் ஆரம்பித்து, மாதா கோயில், பள்ளிவாசல், பள்ளிகள் என்று ஒவ்வொன்றையும் சுற்றி இருநூறு மீட்டருக்கு வட்டம் போட்டுப் பாருங்கள், மீதி எவ்வளவு இடம் இருக்கிறதென்று தெரியும்.

தம்பி கேட்ட அதிகாரம் பற்றிய கேள்விக்கு இந்தச் சட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. பொது இடத்தில் ஆளைக் கூப்பிட்டால் தண்டிப்பது 8-ஆம் பிரிவு. முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருடம் வரை. அதன் அடியில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதே குற்றத்தை ஓர் ஆண் செய்தால் ஏழு நாளுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மிகாமல். ஆணுக்குக் குறைந்தபட்சம் ஏழு நாள் கட்டாயம் என்று ஒரு சமாதானம் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரே செயலுக்குப் பெண்ணின் உச்சவரம்பு ஆணுக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்கு. சட்டம் எழுதியவர்கள் அவளை அதிகாரம் உள்ளவளாக நினைத்தார்களா, ஆபத்தானவளாக நினைத்தார்களா என்று நீங்களே யோசியுங்கள்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாத இடங்கள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் போட்ட உத்தரவை வைத்து, ‘பாலியல் தொழில் சட்டபூர்வம் ஆகிவிட்டது, இனிப் பெண்களைக் கைது செய்ய முடியாது’ என்று நிறையப் பேர் எழுதினார்கள். அவ்வளவு நேராக இல்லை. பாலியல் தொழிலாளியை போலீஸ் மரியாதையாக நடத்த வேண்டும், அவர் பாலியல் வன்முறைக்கு ஆளானால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் எல்லா உதவியும் கிடைக்க வேண்டும், ரெய்டின்போது ஊடகங்கள் அடையாளத்தை வெளியிடக் கூடாது, இவை திட்டவட்டமாக இருக்கின்றன. ‘விருப்பத்தோடு தொழில் செய்பவரைக் கைது செய்யக் கூடாது’ என்ற வரி, நீதிமன்றம் அமைத்த குழுவின் பரிந்துரைகளில் ஒன்று. அதற்கு மத்திய அரசு தயக்கம் தெரிவித்திருந்தது. ஆகவே அந்த ஒரு வரியை நம்பி யாரும் தைரியமாக இருக்க வேண்டாம்.

இன்னொரு இடம் வாடிக்கையாளர். 7-ஆம் பிரிவின் இருநூறு மீட்டர் வட்டத்துக்கு வெளியே என்றால், அறையில் இருந்த ஆணின் மேல் வழக்கு நிற்குமா? சென்னை உயர் நீதிமன்றம் உட்படப் பல உயர் நீதிமன்றங்கள் அப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. விடுதி நடத்தவில்லை, அந்த வருமானத்தில் வாழவில்லை, போனார், அவ்வளவுதான் என்பது வாதம். ஆனால் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளாவுக்குள் போனால் காற்று வேறு. 2025-இல் கேரள உயர் நீதிமன்றம், பாலியல் தொழிலாளி ஒரு விற்பனைப் பொருள் இல்லை, அதனால் பணம் கொடுப்பவரை வெறும் வாடிக்கையாளர் என்று சொல்ல முடியாது, தூண்டிய குற்றத்துக்கு அவர்மேல் வழக்கு நடத்தலாம் என்று சொன்னது. உச்ச நீதிமன்றம் ஒரு முடிவு சொல்லும்வரை இந்த இழுபறி இருக்கும். இழுபறியே இல்லாத இடமும் உண்டு. பெண் கடத்தி வரப்பட்டவர் என்று தெரிந்தும் போனால், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம். அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, விலைக்கு வருவோம். இந்த வகை வழக்குக் கட்டு கைக்கு வந்தால் நான் எஃப்.ஐ.ஆரை அப்புறம்தான் படிப்பேன். முதலில் பார்ப்பது கைப்பற்றுதல் மகஜரை. ரெய்டு நடந்த இடத்திலேயே உட்கார்ந்து, எது எங்கே இருந்தது என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கும் தாள் அது. அதில் கதை எழுத இடம் இல்லை, பொருள்தான் இருக்கும். ஒரு மகஜர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேலாளரின் மேசை டிராயரில் ஐந்நூறு ரூபாய்க் கட்டு, மூன்று செல்போன், பெயர் இல்லாமல் முதலெழுத்து மட்டும் குறித்த நோட்டு. பெண்ணின் கைப்பையில் சில நூறு ரூபாய், வடசேரி வரை எடுத்த பஸ் டிக்கெட், பாதி தீர்ந்த தலைவலி மாத்திரை அட்டை, ஓர் அடகுக் கடை ரசீது. அடுத்த நாள் பேப்பரில் வந்தது அந்தப் பெண்ணைப் பற்றி. துப்பட்டாவால் முகத்தை மூடியபடி போட்டோவும் வந்தது. டிராயரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தம்பி சொன்ன அந்த ‘பாதிச் சம்பளம்’ வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை. அது முதலில் போவது புரோக்கரின் போனுக்கு. இப்போது ஜிபேயில் போகிறது. பாதியோ அதற்கு மேலோ அங்கே நின்றுவிடும். அறைக்கு மணிக்கணக்கில் வாடகை, அதுவும் டூரிஸ்டுக்குச் சொல்வதைவிட அதிகம். ஐயப்ப சீசனில் ரூம் கிராக்கி ஏறினால் அந்த ஏற்றமும் இவள் தலையில்தான். கூட்டிக்கொண்டு வரும் ஆட்டோ, பார்த்தும் பார்க்காமல் இருப்பவர்களுக்கு ஒரு பங்கு, துணி, பார்லர், போன் ரீசார்ஜ். எல்லாவற்றுக்கும் முன்னால் அட்வான்ஸ். வந்து சேரும்போதே ஒரு தொகை கையில் கொடுத்திருப்பார்கள், வீட்டுக் கடனை அடைக்கவோ அம்மாவின் ஆபரேஷனுக்கோ. அது தீரும்வரை ஒவ்வொரு தடவையும் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். கணக்கு நோட்டு அவர்களிடம். விளவங்கோடு பக்கத்துப் பெண் ஒருவர், கணவர் போனபிறகு முந்திரி ஆபீசில் தோலுரித்துக்கொண்டிருந்தவர், என்னிடம் சொன்னார்: “எனக்க கையில நின்னாத்தானே மேடம் அது எனக்க பைசா? நிக்கலியே.” முந்திரி ஆபீசில் கூலி குறைவு, விரல் எல்லாம் பாலில் வெந்து கறுத்துப்போகும். ஆனால் சனிக்கிழமை வந்த கூலி கையில் நின்றது என்றார். இரண்டையும் செய்து பார்த்தவரின் ஒப்பீடு அது.

பணம் ஏன் நிற்பதில்லை? இங்கே ஒரு பழைய சட்டம் வருகிறது, பலர் கவனிக்காதது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 23-ஆம் பிரிவு. ஒழுக்கக்கேடானது என்று நீதிமன்றம் கருதும் நோக்கத்துக்காகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. அதற்கு அந்தச் சட்டமே ஓர் உதாரணம் கொடுக்கிறது. ஒரு தாய் தன் மகளை ஒருவனுக்கு வைப்பாகக் கூலிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டால் அது செல்லாது, தண்டனைச் சட்டப்படி குற்றமாக இல்லாவிட்டாலும்கூட. நல்ல நோக்கத்தில் எழுதியதுதான். ஆனால் இதன் மறுபக்கம் என்னவென்றால், பேசிய பணத்தைக் கொடுக்காமல் ஒருவன் எழுந்து போனால் அவள் எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. புரோக்கர் அவள் பங்கை அமுக்கினாலும் கேட்க முடியாது. சட்டப்படி கேட்டு வாங்க முடியாத பணத்தை ஆள்பலம் உள்ளவன்தான் வசூலிப்பான். அதனால்தான் அந்தத் தொழிலில் புரோக்கர் இல்லாமல் முடிவதில்லை. விலையைச் சொல்லும் இடத்தில் அவள் உடம்பு இருக்கிறது, வசூல் செய்யும் இடத்தில் வேறொருவன் இருக்கிறான். அதிகாரம் வசூல் செய்பவனிடம்தான் இருக்கும். வட்டிக் கடையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், இது புதுச் செய்தியாக இருக்காது.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். பெண்ணிடம் ஆணுக்கு இல்லாத சொத்து இருக்கிறது, அதற்குக் கிராக்கியும் இருக்கிறது என்றால், ஊரறிய நடக்கும் சந்தையில் பணம் பெண் வீட்டுப் பக்கம் அல்லவா வர வேண்டும்? நம் மாவட்டத்தில் ஒரு கல்யாணப் பேச்சில் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை பவுன், ரொக்கம் எவ்வளவு, வண்டி உண்டா, இடம் யார் பேரில் என்று பேச்சு ஓடும். எல்லாம் எந்தத் திசையில் போகிறது? படித்த பெண், வேலை பார்க்கும் பெண், ‘நல்ல லட்சணம்’ என்று எல்லோரும் சொல்லும் பெண், எல்லோருக்கும் அதே திசைதான். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. பேச்சில் ஒரு சொல்கூடக் குறையவில்லை. ஊர் மெச்சும் கல்யாணத்தில் பெண்ணை அனுப்பப் பணம் கொடுக்கிறோம். ஊர் ஏசும் இடத்தில் பெண்ணுக்கு விலை வைக்கிறார்கள், அந்த விலை அவள் கையில் நிற்பதில்லை. அந்த அடகு ரசீது வைத்திருந்த பெண்ணின் கடன் எதில் தொடங்கியது என்று பிறகு விசாரித்தேன். தங்கை கல்யாணத்தில்.

இதெல்லாம் நேற்று வந்ததும் இல்லை. இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தபோது, எந்தச் சாதிப் பெண் மார்பை மறைக்கலாம் என்பதை அரசாணை தீர்மானித்தது. பல ஆண்டுகள் கலவரம் நடந்து, சென்னை மாகாண ஆளுநர் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்து, 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்களுக்கு மேலாடை அணிய அனுமதி கொடுத்தார். அந்த அனுமதியிலும் ஒரு நிபந்தனை இருந்தது: மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது. மறைப்பதற்கும் காட்டுவதற்கும் அனுமதி கொடுக்கும் கை ஒன்றுதான், அது பெண்ணின் கை இல்லை. சுசீந்திரம் கோயிலில் தேவதாசிகள் இருந்தார்கள். பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டுவதைத் திருவிதாங்கூர் 1930-இல் நிறுத்தியது, சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் சட்டம் வந்தது. தேவதாசிகளில் நிலம் வைத்திருந்தவர்கள் உண்டு, ஆண் துணை இல்லாமல் குடும்பம் நடத்தியவர்கள் உண்டு, வறுமையில் கிடந்தவர்களும் உண்டு. எல்லோரையும் ஒரே கூடையில் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நிலம் இருந்த இடத்தில் குரலும் கொஞ்சம் இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

மதிப்பான தொழில்களிலும் இதே கணக்கு மென்மையாக நடக்கிறது. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களுக்கு ஒரு காலத்தில் 35 வயதில் ஓய்வு. சேர்ந்து நாலு வருடத்துக்குள் கல்யாணம் செய்தாலும், முதல் கர்ப்பத்திலும் வேலை போகும். 1981-இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை அடித்தது. நாலு வருடக் கல்யாண விதியை அப்படியே விட்டுவிட்டது! மகாராஷ்டிரா 2005-இல் பார்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தபோது மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கும் அதற்கு மேலும் விலக்குக் கொடுத்தது. அதே ஆட்டம், பணக்காரர் பார்த்தால் பரவாயில்லையாம். 2013-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. நாகர்கோவில் ஜவுளிக் கடைகளுக்கும் வாசலில் சிரித்த முகமாக நிற்க இளம்பெண்கள் வேண்டும். அவர்கள் உட்கார ஒரு நாற்காலி கொடுக்க வேண்டும் என்று சட்டம் வர 2021 ஆயிற்று.

தம்பி சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தானே முடிவெடுத்து, தன் போனில் தானே பேசி, பிடிக்காதவரை வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் தன் கையிலேயே வைத்திருந்த பெண்ணையும் எனக்குத் தெரியும். அவரைப் பாவம் என்று யாராவது சொன்னால் சிரிப்பார். ஆனால் அவருக்குச் சொந்தப் பெயரில் வீடு இருந்தது, யாரிடமும் கடன் இல்லை, நாளைக்கே நிறுத்தினாலும் சோற்றுக்கு வழி இருந்தது. வேண்டாம் என்று சொல்லும் வசதி அதிலிருந்துதான் வந்தது. அழகு அவரைவிட அதிகம் உள்ள பெண்கள் அந்த வசதி இல்லாமல் புரோக்கரின் நோட்டில் முதலெழுத்தாகக் கிடக்கிறார்கள்.

அப்படிப்பட்ட பெண்ணையும் ரெய்டில் பிடித்தால் ‘மீட்கப்பட்டவர்’ என்று காப்பகத்துக்கு அனுப்பலாம். விசாரித்துவிட்டு ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை அங்கே வைக்க 17-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. வெளியே வரப் பெற்றோரோ கணவரோ வந்து கையெழுத்துப் போடட்டும் என்பார்கள். முப்பத்தைந்து வயதுப் பெண்ணை, பல வருடம் முகம் பார்த்துப் பேசாத அண்ணன் வந்து ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்துக் கூட்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். வராண்டாவில் அவர் முன்னால் நடக்க, அந்த அம்மா நாலடி பின்னால் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். 2020-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இப்படி அடைக்கப்பட்ட மூன்று பெண்களை விடுவித்து, வயது வந்த பெண்ணுக்குத் தன் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றது. நம் பக்கத்தில் நான் அந்தத் தீர்ப்பை மனுக்களில் சேர்த்துக்கொள்கிறேன். சில நேரம் உதவுகிறது.

சட்டம் குறுக்கே வருவது நியாயமா என்று கேட்டீர்கள். ஆள் சேர்ப்பவன்மேலும் அடைத்து வைப்பவன்மேலும் வருவது நியாயம். 8-ஆம் பிரிவு வயது வந்த பெண்மேல் வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்கு மேல் வழக்கறிஞர்களும் பெண்ணிய இயக்கங்களும் இரண்டாகத்தான் நிற்கிறார்கள். சுவீடன் 1999-இல் வாங்குபவரை மட்டும் தண்டிக்கும் வழிக்குப் போனது. நியூசிலாந்து 2003-இல் வயது வந்தோர் விஷயத்தில் குற்றம் என்பதையே எடுத்துவிட்டு, அந்த ஒப்பந்தம் செல்லும் என்றும் எழுதி வைத்தது. அங்கே கொடுக்காத பணத்தை அவள் கேட்டு வாங்கலாம். என் மனம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. ஆனால் அட்வான்ஸ் கடனும் வரதட்சணைக் கடனும் இவ்வளவு இருக்கும் நம் ஊரில் அதை அப்படியே கொண்டுவந்தால் புரோக்கர்தான் முதலில் கடை திறப்பான் என்று சொல்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

கடைசியாக, கேள்வியின் அடியில், பக்கத்து லாட்ஜில் ஒரு பெண்ணை வெளியே விடாமல் வைத்திருப்பதாக சந்தேகம், யாரிடம் சொல்வது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நேரடியாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். 181 பெண்கள் உதவி எண், சிறுமி என்று தோன்றினால் 1098. தேடுதலின்போது குறைந்தது இரண்டு பெண் போலீசார் இருந்தாக வேண்டும், அந்தப் பெண்ணை விசாரிப்பதும் பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். இது 15-ஆம் பிரிவு, தகவல் சொல்லும்போதே இதையும் கேளுங்கள். வழக்கு என்று வந்துவிட்டால், பெண்ணாக இருந்தாலே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-க்கும் பேசலாம். ரிமாண்டுக்கு முன்பே பேசினால் அன்றைக்கே ஒரு வக்கீல் கூட நிற்க முடியும்.